ஒருத்தரும் இல்லாத வளவு

சோலைவரி ரசீதில் இந்த வளவுக்கு ஒரே ஒரு வீடு.
முன்னால் ஓடு போட்ட, மாபிள் பதித்த
பெர்னதெத் அக்காவின் வீடு.
குசினிச் சுவரைத் தாண்டினால்
கிணற்றைச் சுற்றி நாங்கள் நாலு குடும்பம்.
தகரம், ஹார்ட்போட், சுனாமிக்குத் தந்த தார்ப்பாய்.
அதில் நீல எழுத்து இன்னும் அழியவில்லை.

பாலையூற்றில் இப்படி எத்தனை என்று
யாருக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பது நல்லதென்று
சிலருக்குத் தெரியும்.

நான் எண்ணத் தொடங்கியது கோபத்தில்.
மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது
விலாசத்துக்கு ஆதாரம் கேட்டார்கள்.
கறண்ட் பில் அக்காவின் பெயரில்.
தண்ணீர் பில் அக்காவின் செத்துப்போன புருசன் பெயரில்.
விதானையார் நல்ல மனுசன்.
பேனையை மூடிவிட்டுச் சொன்னார்:
'வீட்டுக்காரர் கடிதம் தந்தால் எழுதுவன், தங்கச்சி.'
அக்கா தரமாட்டா. தந்தால் வரி ஏறும்.
எங்கள் வாடகைதான் அவவுக்கு
மருந்து, மீன், மெழுகுதிரி.

எண்பது பக்கக் கொப்பி ஒன்றோடு இறங்கினேன்,
பின்னேரங்களில், கருவாட்டுக் கடை வேலை முடிந்து,
கை மணக்க மணக்க.
முன் கேற்றில் கூப்பிட்டால்
'இங்க ஒருத்தரும் இல்லை' என்பார்கள்.
பக்கத்து ஒழுங்கையால் போய்
கொடியில் காயும் உடுப்பை எண்ணினேன்.
பாவாடை மூன்று, பள்ளிச் சட்டை இரண்டு,
துறைமுகக் காவலாளியின் நீலச் சட்டை ஒன்று.
ஒருத்தரும் இல்லாத இடத்தில் ஆறு பேர்.

உப்புவெளிப் பக்கம் ஹிதாயா எழுதினாள்.
ஹோட்டல் விரிப்புத் துவைக்கிற பெண்கள்,
ஜெனரேட்டர் அறையோடு ஒட்டித் தூங்குகிறவர்கள்.
அவளுடைய எழுத்து குண்டு குண்டாய்,
இரண்டு கொப்பி முடிந்தது.

மட்டிக்களியில் ஐஸ் பெட்டி தூக்குகிற ஒருவர் கேட்டார்:
'எழுதினால் எழுப்புவாங்களோ?'
எனக்கும் அது தெரியாது.
பென்சிலால் எழுதச் சொன்னார்.
பென்சிலால் எழுதினேன்.

நகரசபையில் அன்று முதலில் மான் விசயம்.
எத்தனை நிற்கிறது, எத்தனை குட்டி,
பிளாஸ்டிக் தின்று எத்தனை செத்தது,
ஒருவர் எழும்பி வாசித்தார்.
மான்மேல் எனக்குப் பொறாமை கிடையாது,
எங்கள் குப்பைக்கும் அதுகள் வரும்.
அன்று மட்டும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் முறை வர மூன்றே முக்கால்.
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், என்றேன்.
கொப்பியை மேசையில் வைக்க
நெத்தலி மணம் எழும்பியது.
'அனுமதியில்லாததை எல்லாம் உடைக்க வேண்டிவருமே,
பாவம்' என்றார் ஒருவர், அக்கறையாய்.

பின்வாங்கில் கதிரை இழுபட்டது.
பெர்னதெத் அக்கா. நான் கூப்பிடவில்லை.
கோயிலுக்குப் போடும் சட்டையில் வந்திருந்தா.
'உடைச்சால் என்ர மருந்துக்குக் காசு சபையோ தரும்?
வரியை ஏத்தாமல் இலக்கத்தைக் குடுங்கோ.
எனக்கு இதுகள் வேணும். அவ்வளவுதான்.'

அன்பு என்று அதற்குப் பெயர் வைக்க நான் தயாரில்லை.
மூன்று வருசமாய் இரவு எட்டுக்கு
தண்ணீர் மோட்டரைப் பூட்டினவ அவ.
ஆனால் எங்கள் மனுவில்
அப்படி ஒரு வரி இருக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து
தகரக் கதவில் பெயின்றால் ஒரு இலக்கம். 27/3.
முதல் கடிதமும் வந்தது,
சுகாதாரப் பரிசோதகரிடமிருந்து.
வாளியில் நுளம்புக் குடம்பி. தண்டம் வரலாம்.
மேலே என் பெயர், முழுசாய், எழுத்துப்பிழை இல்லாமல்:
திருமதி யோகமலர் இருதயநாதன்.

ஏன் சிரிக்கிறாய் என்று மகள் கேட்டாள்.
வாளியைக் கவிழ்த்தேன்.
கடிதத்தைக் கொப்பிக்குள் வைத்தேன்,
அந்தப் பென்சில் பக்கத்தில்.

நாளைக்கு மட்டிக்களி.
பேனையில் மை இருக்கிறதா என்று
உள்ளங்கையில் கீறிப் பார்த்தேன்.