மூன்றரை, நாலரை

அங்கே நள்ளிரவு என்றால் முதுநகரில் மூன்றரை.
இன்னொரு அங்கே நள்ளிரவு என்றால் நாலரை.
கைப்பேசியில் மூன்று அலாரம் வைத்தேன்.
வீண். தூங்கினால்தானே எழுப்ப.

மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஓரம்,
சிக்னல் இரண்டு கோடு காட்டும் ஒரே இடம்.
இரண்டு கடிதமும் திறந்திருக்கின்றன.

ஒன்று கற்கோபுரம்.
தேவனாம்பட்டினத்து இடிந்த கோட்டையைவிட மூப்பு.
படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றார்கள்;
இனிஷியலை விரித்து எழுதப்போய்
"அன்புள்ள தணிகாசலம்" என்று வந்தது.
அப்பா இரண்டு முறை வாசித்தார்.
"ஐ.டி.ஐ. முடிச்சு இருபத்தேழு வருஷம் கழிச்சு
எனக்கு ஏம்மா சீட்டு குடுக்கறான்?"
அம்மா சிரித்த சிரிப்பில்
குக்கர் எத்தனை விசில் என்பதே மறந்துபோனது.
சிரித்து முடித்து அவரே கேட்டார், எவ்வளவு?
சொன்னேன்.
எழுந்து பீரோ வரை போய்
திறக்காமல் திரும்பி வந்தார்.
வீட்டுப் பத்திரம் அதில்தான் இருக்கிறது.

மற்றது ஏரிக்கரை. கண்ணாடிக் கட்டடம்.
"அன்புள்ள மாதங்கி."
பெயர் சரி. கட்டணம் இல்லை. மாதாமாதம் பணம்.
விமானச் சீட்டும் அவர்களே.
மூன்றாம் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில், நல்கை தருவோர் பெயர்.

எங்கள் குளியலறை நீல டிரம்மில்
பாதி அழிந்து கிடக்கும் அதே பெயர்.
முந்நூறு ரூபாய்க்கு அப்பா
சிப்காட் வாசல் கடையில் வாங்கி
சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தது.
சாம்பல் போட்டு, சீயக்காய் போட்டு
அம்மா ஒரு வாரம் தேய்த்தாள்.
நான் எழுத்துக்கூட்டிய முதல் ஆங்கிலம் அதுதான்.

பன்னிரண்டு வயதில் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன்.
சோழகம் அடிக்கும் இரவுகளில்
தேதி, மணி, என்ன நாற்றம்.
அழுகின முட்டைக்கோஸ்.
நகப்பூச்சு.
செத்த எலி, ஆனால் இனிப்பாக.
கண் எரியுது, நாளைக்குக் கணக்குப் பரீட்சை.
வேதியியல் ஏன் என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள்.
இரண்டு இடத்துக்கும் நோட்டைப் பற்றித்தான் எழுதினேன்.
டிரம்காரர்களுக்கும் அது பிடித்திருக்கிறது.
"மனதைத் தொடும் பின்னணி" என்கிறது கடிதம்.

சிவரஞ்சனி துறைமுகத்திலிருந்து குரல் அனுப்பினாள்:
"கருவாடு வித்த காசு நாறுமாடி?"
அவள் வீட்டில் கருவாட்டு வியாபாரமேதான்.
பள்ளிக்கூடத்தில் அவள் நீட்டிய நோட்டுகளை
கிளார்க் நகநுனியில் பிடித்து வாங்குவார்.
நாறும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும்.
தெரிந்துதான் சொல்கிறாள்.

மூன்று இருபத்தாறு.
சோழகம் கிளம்பியது.
இன்றைக்கு என்ன என்று மூக்கு தானாகத் தேடியது.
மீன், உப்பு, எங்கோ எரியும் குப்பை.
வேறொன்றும் இல்லை.
நாறியிருந்தால் கோபம் வந்திருக்கும்,
கோபம் வந்திருந்தால் கோபுரம்.
பீரோவை நினைத்து ஏரியை அழுத்தினேன்:
ஏற்கிறேன்.

அவர்கள் காசில் படித்து
அவர்கள் டிரம்மையே சோதிப்பேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
இப்படிச் சொல்லிக்கொண்டு போனவர்களில்
எத்தனை பேர் சோதித்தார்கள், தெரியாது.

கோபுரத்துக்கு மறுப்பு எழுத
இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம்.
காரணம் என்ற கட்டத்தில்
நிதி, இடம், குடும்பம், பிற.
பிற என்றேன். விளக்கவும் என்றது.
"கருவாடு" என்று தமிழில் அடித்தேன், அழித்தேன்,
நிதி என்றே போட்டுவிட்டேன்.
கீழே கையொப்பம்: தணிகாசலம்.

ஆறே காலுக்கு நைட் ஷிஃப்ட் முடித்து
கையொப்பத்துக்கு உரியவர் வந்தார்.
எது என்று கேட்கவில்லை.
டிரம்மில் மொண்டு முகம் கழுவினார்.
அவர் தள்ளி நின்றதும்
நானும்.