கட்டைவிரலுக்குக் கீழே

வாரத்தில் ஐந்து நாள் என் வேலை
பிறரை ஊதச் சொல்வது.
பெரிய ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
நுரையீரல் பரிசோதனை அறை.
மூக்கில் கிளிப். வாயில் அட்டைக் குழாய்.
ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க.
மலாயில் தியூப், தியூப், லாகி, லாகி.
திரையில் ஒரு கோடு குன்றாய் எழுந்து சரியும்.
மாலையில் தொண்டை கட்டியிருப்பது எனக்கு.

ஞாயிறு, ஜெலுத்தோங்.
டயர் கடைக்கும் மீன்தொட்டிக் கடைக்கும் நடுவே
ஷட்டர் பாதி இறங்கிய கடைவீட்டில்
ஆயிரத்து நூறு டிகிரியில் ஓர் உலை.
நூற்றெண்பது வெள்ளி கட்டிய பிறகுதான் உறைத்தது,
பினாங்கு வெயிலுக்குள் இன்னொரு வெயிலைக்
காசு கொடுத்து வாங்குகிறேன் என்று.
"வீட்டு அடுப்பு பத்தலையா?" என்றார் குணாளன்.
நான் பருத்திச் சட்டை தேடிக்கொண்டிருந்தேன்.
நைலான் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும் என்று
எழுதியிருந்தாள் சீ யுன்.
என் மூத்தவளைவிட இரண்டு வயது கூட.
முன்கையில் பழைய தீக்கோடு,
அதன்மேல் பச்சை குத்திய ஒரு பல்லி.

முதல் ஒரு மணி நேரம் கண்ணாடியே இல்லை.
வெறும் இரும்புக் குழாயைச் சுழற்றினோம்.
பிறகு உலைக்குள் விட்டு எடுத்தேன்.
தேன் மாதிரி என்பார்கள். தேன் இல்லை.
அதிரசத்துக்குப் பதம் வந்ததா என்று
தண்ணீரில் சொட்டிப் பார்ப்போமே, அந்தப் பாகு.
பார்க்கிற கண்ணையே சுடுகிற பாகு.
சுழற்சி நின்றால் தரையைத் தேடும்.
வியர்வை துடைக்க ஒரு கை எடுத்தேன்,
போயிற்று.
சிமெண்டில் ஓர் ஆரஞ்சு நாக்கு.
"எல்லாரும் ஒன்று போடுவார்கள்,"
கணக்கில் பற்று எழுதுவதுபோல் சொன்னாள்.

இரண்டாம் தடவை குழாயை வாயில் வைத்தேன்.
இந்த வேலை எனக்குத் தெரியும்.
ஆறு விநாடி, அடிவயிற்றிலிருந்து,
நோயாளிகளிடம் கத்துவதையெல்லாம்
எனக்கே கத்திக்கொண்டு
ஊதினேன்.
பக்கவாட்டில் ஒரு கொப்புளம் புடைத்தது, மெலிந்தது,
வெடித்து ஈசல் சிறகாய் அறையெங்கும் மிதந்தது.

"பான் பான்," என்றாள் ஹொக்கியனில்.
மெல்ல, மெல்ல.
துவரம்பருப்பு அளவு மூச்சு. ஒரே ஒரு 'ப்'.
உடனே குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடு.
இனி நீ ஊத வேண்டாம்.
உள்ளே போனது சூட்டில் தானே பெருகும்.

மூடினேன். ஒன்று. இரண்டு. மூன்று.
மறுமுனையில் கண் திறந்தது
ஒரு குமிழ்.

சவரிமுத்து நினைவுக்கு வந்தார்.
பிறையில் முப்பது வருடம் வெல்டிங்.
போன செவ்வாய் மூன்று முறை ஊதவைத்தேன்.
மூன்று முறையும் குன்று எழவில்லை, வரப்பு.
"அவ்வளவுதாம்மா இருக்கு,"
பஸ்ஸில் சில்லறை இல்லாதவர்போல் சொன்னார்.
நானோ, இன்னும், இன்னும்.
அவரிடம் இருந்தது இதற்குப் போதும்.
இதற்குப் போக மிச்சமும் இருக்கும்.

வடிவம் கொடுக்க ஈரத்தாள் வேண்டும்.
வீட்டுத் தமிழ்ப் பேப்பரை எட்டாய் மடித்து
வாளியில் ஊறப்போட்டிருந்தேன்.
என் உள்ளங்கைக்கும் நெருப்புக்கும் நடுவே
ஒரு கண்ணீர் அஞ்சலிப் பக்கம்.
யாருடைய முகமோ புகைந்தது.
மன்னிச்சுக்குங்க என்றேன்.
சீ யுன் திரும்பிப் பார்த்தாள், கேட்கவில்லை.

அன்றே கையில் தரமாட்டார்கள்.
இன்னொரு பெட்டியில் இரவெல்லாம் ஆற வேண்டும்.
அவசரப்பட்டால் நள்ளிரவில்,
யாரும் தொடாமலே, விரியும்.

திங்கள் வந்தது. கத்தினேன். அது விதி,
கோடு ஏறியாக வேண்டும்.
புதன்கிழமை ஒரு கிழவிக்குக் கோடு நின்ற பிறகு
போதும் என்றேன், நல்லா ஊதினீங்க.
அதைப் பதிய அந்தக் கணினியில் கட்டம் இல்லை.

அடுத்த ஞாயிறு
டிஷ்யூ சுற்றிய டம்ளரோடு பஸ்ஸில் வந்தேன்.
அடி கனம், விளிம்பு கோணல்,
கண்ணாடிக்குள் மிளகளவு ஒரு குமிழ்.
என் மூச்சு என்று வீட்டில் காட்டினேன்.
இல்லையாம். பாகு எடுக்கையில் புகுந்த
வெறும் உலைக்காற்று என்கிறாள் சீ யுன்.

இருக்கட்டும்.
இடது பக்கம் சாய்கிறது.
தண்ணீர் நிற்கிறது.