விடைக்குறிப்பில் இல்லாத பச்சை

மஞ்சக்குப்பத்தில் தாள் திருத்தும் முகாம்.
மின்விசிறிக்குப் பறந்துவிடாமல்
கட்டின்மேல் என் டிபன் பாக்ஸ்.
உணவு இடைவேளைக்குள் இருபது தாள் முடிக்க வேண்டும்.

கேள்வி பதினேழு:
அமெரிக்க நாவலில் நிறங்கள் எதைக் குறிக்கின்றன?
பத்து மதிப்பெண்.

பச்சை என்றால் நம்பிக்கை, இரண்டு.
வெள்ளை என்றால் தூய்மை,
அல்லது தூய்மைபோல் ஒரு பாசாங்கு, இரண்டு.
மஞ்சள் பணம். சாம்பல் அழிவு.
மீதி இரண்டு கையெழுத்துக்கு என்று சிரிப்பார்
முதன்மைத் தேர்வாளர் பாடலீசன்.

வரிசையாகப் பதினோரு பேர் நம்பிக்கை.
எல்லோருக்கும் ஒரே கைடு.
இங்கிலீஷில் கடைசி எழுத்தை விட்டதில்
இரண்டு பேருக்கு நம்பிக்கை
நொண்டியாட்டம் ஆகியிருந்தது.
அரை மார்க் குறைத்தேன்.

பன்னிரண்டாவது தாளில்
பச்சை என்று எழுதி, அடித்து,
மறுபடியும் பச்சை என்றே எழுதியிருந்தாள்.
(பதிவெண் மட்டும்தான். அவள் என்பது
எழுத்தின் சாய்வை வைத்து நானாக முடிவுகட்டியது.)

'நாவலின் பச்சை தூரத்தில் இருக்கிறது.
எங்கள் பச்சை முகத்துவாரத்தில்.
கடலிலிருந்து திரும்பும்போது
அது வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும், சிவப்பு இடக்கைப் பக்கம்.
அமெரிக்காவில் நேர்மாறாம்,
கப்பலுக்குப் போய்வந்த மாமா சொன்னார்.
எனவே அந்தப் பச்சையை அப்படியே நம்பி
இங்கே கரை பிடித்தால் படகு கல்லில் ஏறும்.

எதிர்ப்படகின் பச்சை மட்டும் தெரிந்தால்
அது விலகிப் போகிறது.
பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால்
நேரே நம்மேல் வருகிறது.
அழகாக இருக்கிறது என்று
பார்த்துக்கொண்டே நின்றவர் எங்கள் அஞ்சப்புலி சித்தப்பா.

வெள்ளை, ஐஸ் பெட்டி.
சாம்பல் உப்பனாறு, சில நாள் பழுப்பு;
பாலத்தில் போகும் பிள்ளைகள்
இன்றைக்கு என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவார்கள்.
மஞ்சள் நான் படிக்கவில்லை.'

தாளில் பெயர் எதுவும் தெரியக்கூடாது.
தெரிந்தால் தனி உறை, தனி விசாரணை.
டீ வந்தது.
குவளையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.
அஞ்சப்புலி நீல மையாகக் கரைந்து
வரிக்குக் கீழே இறங்கினார்.

ஏழு போட்டேன்.
ஏழுக்கு ஏன் என்று யாராவது கேட்டிருந்தால்
என்னிடம் குறிப்பு இல்லை.
ஆறரை என்றும் யோசித்தேன், அது கோழைத்தனம்.

மாலையில் பாடலீசன் கட்டிலிருந்து
பத்துக்கு ஒன்று உருவிச் சரிபார்த்தார்.
சிவப்பு எங்கள் பேனா. பச்சை அவருடையது,
விதி அப்படி.
உருவியது அதைத்தான்.
'என்னம்மா இது, கடல் கதை?' என்றார்,
கோபமாக இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.
டீக்கறையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார்.

கட்டைத் திரும்பக் கட்டும்போது பார்த்தேன்,
ஓரத்தில் அவருடைய மூன்று,
அதற்கு வலப்பக்கம் என் ஏழு.
இரண்டும் சேர்ந்து தெரிந்தன.