ஒரு பூஜ்யம்

ஆயர் ராஜா, இரவு பத்தரை.
புயல் என்றேன்.
காவலாளி குடையைத் தேடினார்.
ஓர் இலைகூட அசையவில்லை வெளியே.

துருவத்தைக் கடக்கையில்
சூரியன் எறிந்த புரோட்டான் ஒன்று
அலுமினியத் தோலைத் துளைத்து
நினைவகத்தில் ஒரு பூஜ்யத்தை
ஒன்றாக்கிவிட்டது.
அவ்வளவுதான்.
எங்கள் துணைக்கோளுக்கு
எந்த விண்மீன் எதுவென்று தெரியவில்லை.
சாவி தொலைத்தவனைப்போலச்
சுழன்றுகொண்டிருந்தது.

"தூங்க வை" என்றாள் ஷாஹிரா.
கட்டளை போனது.
பதில் வருமுன்
பாத்தாமுக்கு அப்பால் இறங்கிவிட்டது.

இனி அது தலைகாட்டுவது
காலை பத்தரைக்கு.
ஆறிப்போன கோப்பி ஓவைக்
கலக்கிக்கொண்டே இருந்தேன்,
சர்க்கரை போடாமல்.

ஏழு மணிக்கு
எதிர் புளோக்கின் மூங்கில் கழிகளில்
யார் வீட்டுப் பள்ளிச் சீருடைகளையோ
உலர்த்த வந்தது
அதே சூரியன்,
கை கழுவிக்கொண்டு.

இன்னும் மூன்றரை மணி நேரம்.