புதன்கிழமைத் தோள்

பலகையில் முதலில் 'மசாஜ்' என்றுதான் எழுதுவித்தேன்.
இரவு பத்துக்குப் பிறகு போன் வந்தது,
ஒரு பெடியன்; அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிரிப்பு.
இப்போது 'பெண்களுக்கான உடல் இளக்கு சிகிச்சை' என்றிருக்கிறது,
கொக்குவில் சந்திக்குக் கிட்ட,
பாமசிக்கு மேலே, பதினாறு படி.

பதினாறையும் எண்ணிக்கொண்டு ஏறுவா றெஜினா.
பாசையூரில் றால் உடைக்கிறவ.
காசுக்குப் பதில் நண்டு. அது எங்களுக்குள்ளே பேச்சு.
கதவிலேயே நின்று மூச்சு வாங்கியபடி சொல்லுவா:
"வலது தோள், தங்கச்சி. அதை மட்டும் பார்த்துவிடு.
மிச்சமெல்லாம் நல்லாத்தான் கிடக்கு."

மிச்சம் என்று ஒன்று இல்லை.
அதை நான் சொல்வதில்லை. காலில் தொடங்குவேன்.
"தோள் அங்கையோ கிடக்கு?" என்று
கட்டிலின் முக ஓட்டைக்குள்ளிருந்து குரல் வரும்.
ஓம் அக்கா, கொஞ்சம் இஞ்சையும் கிடக்கு.

நல்லெண்ணெய், நொச்சி இலை போட்டுக் காய்ச்சியது.
என் உள்ளங்கைகளை முதலில் தேய்த்துக்கொள்கிறேன்,
குளிர்ந்த கைக்கு உடம்பு கதவு திறக்காது.
பிறகு ஒன்றும் செய்யாமல்
நடு முதுகில் வைத்திருக்கிறேன்.
அவவின் மூச்சு கட்டை.
என்னுடையதை மட்டும் நான் நீட்டலாம்.
அவவுடையது நீளும், அல்லது நீளாது.

ஐஸ் தண்ணியில் வெடித்த குதிக்கால்.
நாரியில் ஒரு முடிச்சு, பழையது, என்னைத் தெரிந்தது.
கை ஏற ஏற அவ கதைக்கிறா:
பெருநாளுக்கு அடித்த வெடி, மண்ணெண்ணெய் விலை,
பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி
கடன்காரன் வரும் நேரம் றேடியோவை நிப்பாட்டி
பிள்ளைகளின் வாயில் விரல் வைத்து
அறைக்குள் ஒளிக்கிற கதை.
அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மூன்று கிழமையாக வருகிறாள்.

மல்லாக்கத் திரும்பிப் படுத்தா.
விலாவுக்குக் கிட்ட கை போனபோது
கதை பாதியில் நின்றது. நித்திரை.
வாய் கொஞ்சம் திறந்தபடி.

கீழே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம்.

தோள் எழும்பியது.
கண் மூடியே கிடந்தது, கால் இளகிக் கிடந்தது,
வலது தோள் மட்டும் காதுவரைக்கும் ஏறி
படலைக் கொழுவியை யாரோ தூக்கக் காத்திருந்தது.

புதன்கிழமை.
எப்போதும் புதன் பின்னேரம்தான் வேண்டுமென்று
ஏன் கேட்கிறா என்று இன்றைக்குத்தான் விளங்கியது.
இந்த நேரம் பாசையூரில் மூத்தவள் படலையில் நின்று
"அம்மா வைத்தியத்துக்குப் போட்டா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.
அது பொய்யுமில்லை.

அமத்தவில்லை. அமத்தினால் இன்னும் உள்ளே போகும்.
கீழே ஒரு கை, மேலே ஒரு கை,
தோளின் பாரத்தை நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.
வந்தவன் இருமல் பாணி வாங்கினான், சில்லறைக்கு இழுபட்டான், போனான்.
அதற்குப் பிறகும் தோள் நம்பவில்லை.
எத்தனை மூச்சென்று எண்ணவில்லை.
பிறகு ஒரு விரலளவு இறங்கியது.
ஒரு விரலளவு.
அடுத்த புதன் ஏறும்.

வெளியே வங்கிக்காரி மணி பார்த்துக்கொண்டிருந்தா.
இன்னும் பத்து நிமிசம் படுக்க விட்டேன்.

எழும்பிக் கொண்டையைக் கட்டியபடி கேட்டா:
"நித்திரையே கொண்டனான்? அப்ப நீ என்னத்தைச் செய்தனி?"
நண்டுப் பையை நீட்டினவ கையை விடவில்லை.
"உன்ர பெருவிரல் ஏன் வீங்கிக் கிடக்கு?"

அந்த விரல் மட்டும்தான் அக்கா,
மிச்சமெல்லாம் நல்லாத்தான் கிடக்கு.

ஒரு நேரம் என்னைப் பார்த்தா.
பிறகு கதிரையை இழுத்துப்போட்டு என்னை இருத்தி,
சொரசொரத்த கையால்
முழங்கையில் தொடங்கினா.

எண்ணெய்க்குள் இன்றைக்கு என்ன போட்டது,
றால் மணக்குது என்று கேட்டா
வங்கிக்காரி.