படிக்காதவை

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தார்கள்.
எண்ணெய் டேங்கர் ஐம்பத்தொன்று வரை எண்ணி
விட்டுவிட்டேன், ரயில் விடவில்லை.
வேர்த்துப்போய் நான் நுழைந்தபோது
மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில்
சாம்பார் வாளி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி பள்ளியாகப் போய்
ஆசிரியர்களின் மின்னஞ்சல் பெட்டியைச் சுத்தம் செய்வது
என் வேலை.
"பிளம்பர் மாதிரியா?" என்றார் ஜெயசீலி டீச்சர்.
ஏறக்குறைய.
அடைப்பெடுக்க வந்தவன்தான்.

படிக்காதவை: பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
அவர் அதைப் பார்க்காமல்
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்,
ரத்த அழுத்தம் எடுக்கும்போது
சிலர் பார்ப்பதுபோல.

சுற்றறிக்கை, சுற்றறிக்கைக்குத் திருத்தம்,
திருத்தத்துக்கு நினைவூட்டல்.
"மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும்"
எந்த வருஷத்து மாலை என்று தெரியவில்லை.
அறைகள் போட்டுக் கொடுத்தேன்:
உடனே. இந்த வாரம். சம்பளம்.
நாலாவதுக்கு அவரே பெயர் வைத்தார்:
யாரோ பார்த்துப்பாங்க.

நடுவில் ஏழாம் வகுப்புக்கு
நீர் சுழற்சி வீடியோ ஒன்று வேண்டுமென்றார்.
தேடினால் பனிமலை, பனிமலை,
மூக்கால் பேசும் இங்கிலீஷ்.
"இதுல லாரி எங்க வருதுன்னு கேப்பானுங்க" என்றார்.
பதினெட்டாவதாக ஒன்று கிடைத்தது.
எந்த ஊர் வாத்தியாரோ,
சாக்பீஸில் மேகம் வரைந்து தமிழில் சொல்கிறார்,
நாலு நிமிஷம்.
ஆவியாதல் வரும் இடத்தில்
பின்னால் ஒரு சேவல் கூவுகிறது.
"இதுதான்" என்றார் டீச்சர்.
பென் டிரைவில் ஏற்றினேன்.
அப்படியும் நம்பாமல்
முகவரியை டைரியில் எழுதிக்கொண்டார்:
"சாய்வுகோடு ரெண்டா, ஒண்ணா?"

கடைசியில் விளம்பரங்கள்.
புடவைத் தள்ளுபடி, கடன் அட்டை,
குப்புராஜ் ஏசி சர்வீஸ், முப்பத்தொன்று.
மொத்தமாகத் தேர்ந்தெடுத்து
குப்பைத் தொட்டிமேல் அம்புக்குறியை வைத்தேன்.

"இருங்க."

திறந்தோம்.
ஏசி இல்லை.
தரையில் விரித்த கட்டம் போட்ட நோட்டு,
படத்தின் மூலையில்
மருதாணி வைத்த கால் கட்டைவிரல்.
ஊரடங்கு வருஷத்துத் தேதி.
சரியா மிஸ்?
அடுத்தது: இன்னிக்கி நெட்டு காசு முடிஞ்சிபோச்சி மிஸ், நாளைக்கு.
அடுத்தது வெறும் நோட்டு.
சரியா மிஸ்?
சரியா மிஸ்?

"ரூபாவதி" என்றார்.
"அப்பா போன்லதான் எல்லாம்.
குரூப்புல படம் ஏறலன்னு சொல்லுச்சு.
நான்தான் மெயில்ல போடுன்னேன்.
சொல்லிட்டு..."

மின்விசிறி தடக் தடக்கென்று சுற்றியது.
பழக்கதோஷத்தில் கை
சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துவிட்டது;
திரைக்கு ஒரு சாண் முன்னால்
அதை அப்படியே பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு கணக்காக வாய்க்குள் போட்டுப் பார்த்தார்.
"ஆறாவது தப்பு. ஏழெட்டு அம்பத்தி நாலாம்."

"இப்ப அனுப்பினா போவுமா?"
போகும் என்றேன்.
யார் திறப்பார்கள் என்பது
என் வேலையில் வராது.

ஒற்றை விரலால் தட்டினார்:
ஆறாவது கணக்கு தப்பு ரூபா. மீதி எல்லாம் சரி.
அழித்துவிட்டு,
மீதி எல்லாம் சரி என்பதை முதலில் போட்டார்.
அனுப்பினார்.
திரும்பி வரவில்லை;
முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

"மத்த முப்பதையும்
படிக்காததா மாத்த முடியுமா?"

முடியும்.
யாரும் கேட்டதில்லை, ஆனால் முடியும்.

"தினம் ஒண்ணு திருத்தறேன்.
ஒரே நாள்ல திருத்துனா
அது திருத்துனதா ஆகாது."

முப்பது வரிகளும் மறுபடி தடித்து எழுந்தன.

மணி அடித்தது.
பென் டிரைவை எடுத்துக்கொண்டு
சேவலோடு வகுப்புக்குப் போனார்.

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
பணி முடிந்தபின் படிக்காதவை.
அதில் பூஜ்யம் போட்டால்தான்
வண்டிப்படி கிடைக்கும்.

முப்பது என்று எழுதினேன்.
பக்கத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்,
ஒரு விரல் அகல இடத்தில்.

திரும்பும்போதும் கேட் போட்டிருந்தது.