பொறுக்கும் அளவு

வாகா வாகா நகராட்சி, இரண்டாம் தளம், திங்கள் காலை.
நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் என்கிறது திரை.
காபி ஆறுவதற்குள் எண்பதை முடித்துவிட்டேன்:
சாலையைத் தொடாமல் அரையடி முன்பே நின்றுவிட்ட கோடுகள்,
தன்னையே வெட்டி முடிச்சு விழுந்த பூங்கா,
ஒன்றின்மேல் ஒன்றாக இருமுறை வரைந்த ஒரே ஓடை.
இழு, ஒட்டு, சேமி.

நூற்றுப் பதினொன்றில் கை நின்றது.
கோரெல்லா தெரு. பதினேழாம் மனைக்கும் பதினெட்டுக்கும் நடுவே
ஒரு வெள்ளைக் கீற்று.
நீளம் முப்பத்தெட்டு மீட்டர்,
அகலம் பதினொரு சென்டிமீட்டர்.
எந்தப் பட்டாவிலும் இல்லை, தெருவிலும் இல்லை,
வரி கட்ட ஆளில்லை.
அலுவலகத்தில் இதைச் சில்லு என்பார்கள்.
என் வாயில் வந்த சொல் புறம்போக்கு.

பழைய அளவைத்தாளைத் தேடி எடுத்தேன்.
1923, ஜனவரி. ஓரத்தில் பென்சிலில்:
நிழலில் நூற்றுப் பத்து.
சங்கிலி அன்று கையைச் சுட்டிருக்கும்.
வளையத்துக்கு வளையம் மயிரிழை நீண்டு
தெரு முடிவதற்குள் ஒரு சாண்.
அதில் பாதிதான் இது.
மறுபாதி யார் வீட்டில் இருக்கிறதோ.

மதியம் கருவியோடு நேரில் போனேன்.
இரண்டு வேலிகள், முதுகோடு முதுகாக.
"என் வேலி, என் காசு" என்றாள் டொரீன் ஹாட்ச்லி.
"அதுக்கு முன்னாடியே நான் போட்டாச்சு" என்றார் ஸ்டாவ்ரோஸ்.
நடுவில் காய்ந்த புல், வெளுத்த டென்னிஸ் பந்து,
திரும்ப இடமில்லாமல் நேராகவே போய்க்கொண்டிருந்த
ஒரு நீலநாக்குப் பல்லி.
கருவி உள்ளே இறங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரிப்பட்டியல் போகணும், மூடிடு" என்றாள் கிளெனிஸ்.
மென்பொருளில் ஒரு பெட்டி உண்டு:
எவ்வளவு தூரம் வரை
தூரமே இல்லை என்று கொள்ளலாம்?
ஐந்து என்றிருந்தது. பன்னிரண்டு என்று தட்டினேன்.
முப்பது வருடமாகப் பேசாத இருவர் எல்லையும்
சட்டென்று ஒட்டிக்கொண்டன.
வேறெதுவும் நகர்ந்ததா என்று பார்த்தேன்.
ஒரு தபால்பெட்டி. திருப்பி வைத்தேன்.
கீற்று ஸ்டாவ்ரோஸ் பக்கம் போயிற்று;
டொரீனின் கடிதம் வரும்.

அடுத்தது, நூற்றுப் பன்னிரண்டு.
இங்கே இடைவெளி இல்லை, ஒன்றின்மேல் ஒன்று:
இரண்டு பட்டாவிலும் அதே இரண்டு சதுர மீட்டர்.
வான்படத்தைப் பெரிதாக்கினால் ஒரு எலுமிச்சை மரம்,
இரு வீட்டுக் கொல்லையிலிருந்தும் அதை நோக்கி
புல் தேய்ந்த தடம்.
புகார்க் கோப்பு காலி.

விதிவிலக்கு என்று குறிக்கும் பொத்தான்
எங்கே இருக்கிறது என்று
முதல்முறையாகத் தேடுகிறேன்.